தடுப்பூசி என்ற பெயரில் தொடங்கும் குழப்பம்

'ரஷ்யாவில் புற்றுநோய்த் தடுப்பூசி, நூறு சதவீதம் வெற்றி' என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. எத்தனை பேருக்குப் போட்டார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்று ஒரு வரி கிடையாது. நம்பினவர்களும் சரி, 'எல்லாம் மருந்துக் கம்பெனி நாடகம்' என்றவர்களும் சரி, அதைக் கேட்கவில்லை.

பாதிக் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுக்கான எச்பிவி ஊசி நோய் வராமல் தடுப்பது. இப்போது பேசப்படும் எம்ஆர்என்ஏ (எந்தப் புரதத்தைச் செய்வது என்று செல்லுக்குச் சொல்லும் குறிப்பு) ஊசியோ நோய் வந்தவருக்கு, அவர் ஒருவருக்கென்றே செய்வது. சிகிச்சை ஊசி என்பதே பொருத்தம்.

மாடர்னா, மெர்க் கம்பெனிகளின் ஊசியையே பாருங்கள். வெட்டியெடுத்த கட்டியின் மரபணு வரிசையை அதே நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிடுகிறார்கள். கட்டியில் மட்டும் மாறியிருப்பவற்றில் 34 வரை கணினி பொறுக்குகிறது. அவற்றை ஒரே எம்ஆர்என்ஏ இழையில் கோத்து, கொழுப்புத் துகளில் பொதிகிறார்கள். உடல் அந்தக் குறிப்பைப் படித்து மாறிய புரதத் துண்டுகளைச் செய்யும்; நோய் எதிர்ப்புப் படையான டி செல்கள் அவற்றை அடையாளம் காணப் பழகும். 3 வாரத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம், மொத்தம் 9 ஊசி.

சறுக்கும் இடங்கள் நிறைய. தயாரிக்க வாரக்கணக்கில் ஆகும், நோய் காத்திருக்காது. கணினியின் கணிப்பு தப்பலாம். மரபணு மாற்றம் குறைவான கட்டியில் பொறுக்க அதிகம் கிடைக்காது. தன் புரதத் துண்டுகளை வெளியே காட்டும் எச்எல்ஏ மூலக்கூறைக் கட்டி கைவிட்டால், பழக்கப்பட்ட டி செல்லும் அதைக் கண்டுகொள்ளாது. மெலனோமா என்ற தோல் புற்றுக்கு முதலில் போனது தற்செயல் அல்ல. வெயில் உண்டாக்கிய மாற்றங்கள் அதில் ஏராளம்.

மெலனோமாவில் நடந்த 2-ஆம் கட்ட ஆய்வில் 157 பேர். எல்லாருக்கும் நோய் எதிர்ப்பைத் தூண்டும் மருந்தான பெம்ப்ரோலிசுமாப், 107 பேருக்குக் கூடவே இந்த ஊசி. முதலில் வந்த முடிவில், நோய் திரும்பியவர்களும் இறந்தவர்களும் சேர்த்து, ஊசி போட்டவர்களில் 24 (22%), மற்ற 50 பேரில் 20 (40%). தலைப்புச் செய்தி '44% ஆபத்து குறைவு' என்றது. பொய்யில்லை. ஆனால் அந்த ஆபத்து விகிதத்தின் (இரு தரப்பின் ஆபத்தை ஒப்பிடும் எண்) நம்பக எல்லை, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு, 0.309 முதல் 1.017 வரை. 1 என்றால் பலனே இல்லை என்று பொருள். அந்த முடிவில் எல்லை அதையும் தொட்டுக்கொண்டு நின்றது. போதாததற்கு, யாருக்கு ஊசி என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு.

சந்தேகத்துக்கு வரலாறும் உண்டு. மேஜ்-ஏ3 என்ற கட்டிப் புரதத்தைக் குறிவைத்த நுரையீரல் புற்று ஊசியும் 2-ஆம் கட்டத்தில் நம்பிக்கை தந்ததுதான். 2,272 பேரிடம் சோதித்தபோது 2014-இல் படுத்துவிட்டது. அதைச் செய்த கம்பெனி தோல்வியை மறைக்கவில்லை என்பதை நாடகம் என்பவர்கள் கவனிக்கலாம்.

மெலனோமாவின் 3-ஆம் கட்டம் 1,089 பேருக்குத் திட்டமிட்டது. இந்த முறை ஒரு தரப்புக்குப் போலி ஊசி. எது யாருக்கு என்று யாருக்கும் தெரியாது. அதில் நான் முதலில் தேடப்போவது சதவீதத்தை அல்ல, அந்த 1.017 இருந்த இடத்தில் வரும் எண்ணை.