பங்காளியின் கையிருப்பைப் பார்க்காமல் சுரங்கப் பங்கு வாங்காதீர்கள்

"எங்கள் கூட்டாளி வலுவானவர், திட்டம் நல்லபடியாகப் போகிறது" என்று ஒரு சுரங்கக் கம்பெனி அறிக்கை விட்டால் போதும், குன்னூரிலிருந்து கூடலூர் வரை வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் பங்குக்கு ஒரு விலை சுற்ற ஆரம்பித்துவிடும். சுரங்கத்தின் மொத்த மதிப்பில் கம்பெனியின் சதவீதத்தை எடுத்து, கடனைக் கழித்து, பங்கு எண்ணிக்கையால் வகுத்துவிடுகிறார்கள். இந்தக் கணக்கு தப்பு. ஓய்வூதியப் பணத்தையும் தேயிலைக் காசையும் இதை நம்பிப் போடுகிறவர்கள் இருப்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஒரு மாதிரிக் கணக்கு. கூட்டுச் சுரங்கத்தில் நம் கம்பெனிக்கு 40%, பங்காளிக்கு 60%. இதுவரை போட்டது 160 கோடியும் 240 கோடியும். வேலை முடிய இன்னும் 200 கோடி வேண்டும். முடிந்தால் சுரங்கம் 1,000 கோடி பெறும். நம் கம்பெனிக்குக் கடன் 60 கோடி, வெளியிட்ட பங்குகள் 20 கோடி. குழுவில் சுற்றும் விலை: 400 கோடியில் 60 போக 340, பங்குக்கு 17 ரூபாய்.

அந்த 200 கோடியில் 80 கோடி நம் கம்பெனி தலையில் விழும். இதற்குத்தான் கேஷ் கால் என்று பெயர். கடன் வாங்கிக் கட்டினால் மிஞ்சுவது 260 கோடி, அதாவது 13 ரூபாய். எட்டு ரூபாய்க்கு 10 கோடி புதுப் பங்கு விற்றுக் கட்டினால், 340 கோடியை 30 கோடி பங்குகள் பங்கு போட்டுக்கொள்ளும்: 11.33 ரூபாய். கட்டவே முடியாமல் பங்காளியே முழுசையும் போட்டால், மொத்தம் போட்ட 600 கோடியில் நம்முடையது 160 என்று நம் பங்கு 26.67 சதவீதத்துக்கு இறங்கும், விலை 10.33. எந்த வழியில் போனாலும் 17 வராது. பல ஒப்பந்தங்களில், கட்டத் தவறினால் அபராதமாக இதைவிட வேகமாகப் பங்கு கரையும். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் பங்கே பறிபோய் சிறு ராயல்டி (விற்பனையில் ஒரு சிறு பாகம்) மட்டும் மிஞ்சும் என்றும் எழுதியிருப்பார்கள்.

பங்காளி கை வறண்டாலோ இன்னும் சங்கடம். அவர் பாகமான 120 கோடியையும் நாமே தூக்க வேண்டும், இல்லையென்றால் வேலை நிற்கும். அதனால் பங்காளியின் கையிருப்பும் அடுத்த இரண்டு வருடத்தில் அவர் கட்ட வேண்டிய கடனும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

கூட்டு நிறுவனத்தின் நிலையை எங்கே பார்ப்பது? நம் கம்பெனியின் ஆண்டறிக்கையில் ஏஓசி-1 என்ற படிவம் இருக்கும். அதன் 'பி' பகுதியில் கூட்டு நிறுவனங்களின் பங்கு சதவீதம், நிகர மதிப்பு, லாப நட்டம் எல்லாம் வரும். கூட்டு நிறுவனத்தின் கடன் நம் கம்பெனியின் ஒருங்கிணைந்த (துணை நிறுவனங்களையும் சேர்த்த) இருப்புநிலைக் குறிப்பில் கடனாகத் தெரியாது; முதலீடு என்று ஒரே வரிதான் இருக்கும். அந்தக் கடனுக்கு நம் கம்பெனி கொடுத்த உத்தரவாதம் 'எதிர்பாராப் பொறுப்புகள்' (கன்டிஞ்ஜென்ட் லயபிலிட்டீஸ்) குறிப்பில் ஒளிந்திருக்கும். அந்தக் குறிப்பை எழுத்து விடாமல் படியுங்கள்.

கூட்டு என்ற பெயரை மட்டும் நம்பவும் கூடாது. தூத்துக்குடியில் அனல் மின் நிலையம் நடத்தும் என்டிபிஎல்லில் நெய்வேலி என்எல்சிக்கு 89%, மின்வாரியத்துக்கு 11%. பேச்சில் கூட்டு, கணக்கில் அது துணை நிறுவனம். கடன் முழுசும் என்எல்சியின் ஒருங்கிணைந்த கணக்கில் ஏறும். வெளிநாட்டில் லித்தியம் போன்ற கனிமங்களைத் தேட நால்கோ, இந்துஸ்தான் காப்பர், எம்இசிஎல் என்ற மூன்று அரசு நிறுவனங்களும் 40:30:30 என்று சேர்ந்ததுதான் காபில். 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவில் ஐந்து லித்தியம் நிலப்பகுதிகளுக்கு அது கையெழுத்திட்டது ஆய்வில் தொடங்கும் ஒப்பந்தம். அதை வைத்து நால்கோவின் அடுத்த வருட லாபத்தைக் கணிப்பது தேயிலை நாற்றங்காலைப் பார்த்துத் தூள் விலை பேசுவது போல.

கூடலூர் பக்கத்துத் தேவாலாவும் பந்தலூரும் இந்த மோகத்தைப் பார்த்த ஊர்கள். 1879 முதல் 1881 வரை அந்தப் பக்கத்து வயநாட்டுத் தங்கத்துக்காக லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், சுமார் 50 லட்சம் பவுண்டு மூலதனத்தில் கிளம்பின. பரிசோதனைக் கூடத்தில் கல் காட்டிய தங்கத்தை ஆலை காட்டவில்லை. நாலரைக் கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் என்று நமக்குத் தெரியும். தாதுவிலும் டன்னுக்கு எத்தனை கிராம், அதில் எத்தனை சதவீதம் பிரிந்து வரும் என்று இரண்டையும் கேட்க வேண்டும்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தை இப்போது பல கம்பெனிகள் வீடியோவில் நடத்துகின்றன. முன்கூட்டியே பேச்சாளராகப் பதிவு செய்தால் கோத்தகிரியில் உட்கார்ந்தபடியே கேட்கலாம். கேள்வியை இப்படி எழுதி அனுப்புங்கள்: "அடுத்த 24 மாதத்தில் கூட்டு நிறுவனத்துக்கு நாம் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, எதிலிருந்து கட்டுவீர்கள், கட்டாவிட்டால் நம் பங்கு எத்தனை சதவீதமாகும்?"