எலி அசையாமல் நின்றது, அவ்வளவுதான்

மூன்று நாளாக ஆளாளுக்கு அந்தக் காணொளியை எனக்கு அனுப்புகிறீர்கள். பார்த்துவிட்டேன். தண்ணீர் நிரம்பிய உருளைக்குள் ஒரு சுண்டெலி. நீந்துகிறது, அப்புறம் அசையாமல் மிதக்கிறது. "பாருங்கள், நம்பிக்கை இழந்துவிட்டது" என்கிறார் பேச்சாளர். அரங்கமே கைதட்டுகிறது. அந்தக் கைதட்டல்தான் தாங்கவில்லை.

எலி அசையவில்லை. அளந்தது அதை மட்டும்தான். ஆறு நிமிடச் சோதனையில் கடைசி நான்கு நிமிடம், அதில் எத்தனை விநாடி அசையாமல் இருந்தது என்ற கணக்கு. 1977-ல் போர்சோல்ட்டும் உடன் ஆய்வாளர்களும் இதை வெளியிட்டபோது 'நடத்தை விரக்தி' என்று பெயர் வைத்தார்கள். அளந்தது விநாடி, விரக்தி என்பது வைத்த பெயர். தப்ப வழியில்லை என்று புரிந்துகொண்ட எலி, வீணாகக் களைக்காமல் மிதக்கக் கற்றிருக்கலாமே?

"அந்தச் சோதனை மருந்து கண்டுபிடிக்க உதவியதே" என்பீர்கள். உதவியது. மனச்சோர்வு மருந்து கொடுத்தால் அசையாத நேரம் குறைகிறது. மருந்தைச் சலிக்கும் சல்லடை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். எலியின் மனதைப் படித்துவிட்டதாகச் சொல்லாதீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டவர்களுக்கு: படிக்கும் காலத்தில் நான் திறந்தவெளிச் சோதனை செய்தேன். எலியைத் திறந்த பெட்டியில் விட்டு அதன் பதற்றத்தைக் கணிக்கும் சோதனை; பதறிய எலி சுவரோரம் ஒதுங்கும் என்பது கணக்கு. பெட்டியின் நடுவில் எலி எவ்வளவு நேரம் உலவுகிறது, சுவரோரம் எவ்வளவு நேரம் ஒட்டி நிற்கிறது என்று குறிக்க வேண்டும். என் எலிகள் சுவரை விட்டு வரவே இல்லை. உடன் வேலை செய்த அக்காவின் எலிகள் நடுவில் தாராளமாகச் சுற்றின. ஒரே இனம், ஒரே பெட்டி. "உனக்கு எண்ணவே தெரியவில்லை" என்று எல்லார் முன்னாலும் சொன்னார் வழிகாட்டி. ஒரு வாரம் அழுதுகொண்டே பதிவுகளை மறுபடி எண்ணினேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

நான் எலியை வாலைப் பிடித்துத் தூக்குவேன், எனக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி. அக்கா இரண்டு உள்ளங்கையிலும் ஏந்துவார். வாலைப் பிடித்தால் சுண்டெலியின் பதற்றம் கூடுகிறது, கையில் ஏந்தினால் குறைகிறது என்று 2010-ல் ஹர்ஸ்ட், வெஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் திட்டு வாங்கியது நினைவுக்கு வரவில்லை. நான் தூக்கிய எலிகள்தான் வந்தன.

"இப்போது கணினியே எண்ணுகிறது, பாரபட்சம் இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, எண்ணட்டும். எலியைப் பெட்டியில் விட்ட கை எது என்று கணினிக்குத் தெரியுமா? ஆண்களின் வாசனை பட்டாலே எலிகளுக்கு மன அழுத்தம் ஏறுகிறது என்று 2014-ல் ஒரு ஆய்வு வந்தது. 1999-ல் மூன்று ஆய்வகங்கள் ஒரே எலி இனங்களை, ஒரே கருவிகளில், நேரம்கூட ஒத்துவைத்துச் சோதித்தன. அப்படியும் சில சோதனைகளில் முடிவு இடத்துக்கு இடம் மாறியது.

இதைச் சொன்னால் ஆராய்ச்சிக்கு எதிரி என்கிறீர்கள். என் இளமையை அந்த அறைகளில்தான் கழித்தேன். எந்த எலிக்கு எந்த மருந்து என்று எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது, யார் எப்படித் தூக்கினார் என்று எழுதி வையுங்கள் என்று கேட்பது எதிர்ப்பா?

அந்த எலியைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுப்பதைக் காட்டவே இல்லை. எந்தக் கை எடுத்தது, எப்படி எடுத்தது என்று நேற்றிரவு நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன்.