பரணில் கிடக்கும் ஷூவைப் பாருங்கள்
பல வருஷம் கழித்து மலையேறுகிறவர்கள் முதலில் உடம்பைத் தயார்படுத்த வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரிதான். அதோடு பழைய சாமான்களையும் பாருங்கள். பாலியூரித்தேன் என்ற ஒரு வகை பிளாஸ்டிக்கில் அடிப்பாகம் வைத்த ஷூ, போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்திலேயே உளுத்துப்போகும். கட்டைவிரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உதிரும். சேர்வராயன் மலையில் என் நண்பருக்குப் பாதி வழியில் ஷூவின் அடிப்பாகம் கழன்று, துண்டைக் கிழித்துக் கட்டித்தான் இறங்கினார், பாவம். கூடாரத்தின் உள்பூச்சு பிசுபிசுத்தால் ஏற்காட்டு மழைக்குத் தாங்காது. அப்புறம், 2018இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. பழைய பழக்கத்தில் காட்டுக்குள் கூடாரம் போடாதீர்கள். வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். முட்டி வலி உள்ளவர்கள் கைக்கோல் எடுத்துக்கொள்ளுங்கள், இறக்கத்தில்தான் அது தேவைப்படும்.