நிலவில் இறங்கியது போதும், இனி இரவைத் தாண்ட வேண்டும்

1977 செப்டம்பர் 30. அப்போலோ வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த அறிவியல் நிலையங்களை நாசா அன்றைக்கு நிறுத்திவிட்டது. அவற்றில் பல கருவிகள் அப்போதும் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தன. புளூட்டோனியத்தின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு, நிலவின் நடுக்கங்களைப் பதிவுசெய்து, வருடக்கணக்கில் தரவு அனுப்பிக்கொண்டிருந்தவை. நிறுத்தியதற்கு முக்கியக் காரணம், பணம் ஒதுக்க மனமில்லை. ஆறு முறை ஆட்களை இறக்கி, 12 பேரை நடக்கவிட்டு, 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்த ஒரு நாடு, அங்கே விட்டுவந்த கருவிகள் அனுப்பும் தகவலை உட்கார்ந்து கேட்பதற்குச் செலவு செய்யத் தயாராக இல்லை. இதை எப்போது படித்தாலும் எனக்கு ஆத்திரமாக வரும்.

இப்போது மறுபடி எல்லாரும் நிலவுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். இந்த முறை 'நிரந்தரமாக', 'நீடித்து' என்றெல்லாம் சொல்கிறார்கள். சரி, நல்லது. ஆனால் ஒரு திட்டம் நீடித்து நிற்குமா என்பதை எதை வைத்துப் பார்ப்பது? தரையிறங்கிய நொடியை நேரலையில் பார்த்துக் கைதட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். என்னைக் கேட்டால், இறங்கிய பிறகு அந்தக் கலம் எத்தனை இரவுகளைத் தாண்டியது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நிலவில் ஓர் இரவு என்றால் நம் கணக்கில் கிட்டத்தட்ட 14 நாள். நிலநடுக்கோட்டுப் பக்கம் பகலில் 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கிற தரை, இரவில் மைனஸ் 130-க்கும் கீழே போய்விடும். சூரிய மின்தகடு சும்மா கிடக்கும். பேட்டரி உறைந்துபோகும், சர்க்யூட் போர்டில் பற்றவைத்த இணைப்புகள் சுருங்கி விரிசல் விடும். நம் சந்திரயான்-3-இன் லேண்டர் விக்ரமும், நிலவில் ஓடும் அதன் சின்ன வண்டியான ரோவர் பிரக்யானும் 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கி, ஒரு பகல் முழுக்க அருமையாக வேலை செய்து, செப்டம்பர் தொடக்கத்தில் உறங்க வைக்கப்பட்டன. 22-ஆம் தேதிவாக்கில் சூரியன் வந்ததும் எழுப்பிப் பார்த்தார்கள். எழவில்லை. ஒரு பகலுக்கென்றே வடிவமைத்த கலம் அது, அதனால் இதைத் தோல்வி என்று சொல்லவே மாட்டேன். ஆனால் அடுத்தடுத்த கலங்களும் அதே 14 நாளோடு நின்றால் அதை நான் ஏற்க மாட்டேன்.

ஏனென்றால் இரவைத் தாண்டும் வித்தை 50 வருடத்துக்கு முன்பே கைவந்துவிட்டது. 1970 நவம்பரில் சோவியத் யூனியன் இறக்கிய லுனோகோட்-1 வண்டியைப் பாருங்கள். எட்டுச் சக்கரம், மேலே தொட்டி மாதிரி ஓர் உடல், அதற்கு ஒரு வட்ட மூடி. மூடியின் உள்பக்கம் முழுக்க சூரிய மின்செல்கள். பகலில் மூடியைத் திறந்துவைத்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். இரவு வருகிறது என்றால் மூடியை இழுத்து மூடிக்கொள்ளும், உள்ளே பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருள் தருகிற கதகதப்பில் கருவிகள் உறையாமல் கிடக்கும். இப்படியே சுமார் பத்து மாதம் ஓடியது. அதில் பொருத்தியிருந்த லேசர் பிரதிபலிப்பான் எங்கே நிற்கிறது என்றே பல காலம் சரியாகத் தெரியாமல் இருந்து, 2010-இல் நிலவைச் சுற்றிவரும் நாசாவின் எல்ஆர்ஓ கலம் எடுத்த படங்களை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து, பூமியிலிருந்து லேசர் அடித்துப் பார்த்தார்கள். பளிச்சென்று ஒளி திரும்பி வந்தது! அதை வைத்து இன்றைக்கும் நிலவின் தூரத்தை அளக்கிறார்கள். நீடித்த ஆய்வு என்று யாராவது பேசினால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த வண்டிதான்.

சீனா இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. சாங்இ-4 கலமும் யூடு-2 ரோவரும் 2019 ஜனவரியில் நிலவின் மறுபக்கத்தில் இறங்கி வருடக்கணக்கில் இயங்கியதற்குக் கதிரியக்க வெப்பமூட்டிகள் ஒரு முக்கியக் காரணம். நம் இஸ்ரோவும் சந்திரயான்-3-இன் உந்துகலத்தில் (லேண்டரை நிலவின் சுற்றுப்பாதை வரை சுமந்துபோன பகுதி) இரண்டு சின்னக் கதிரியக்க வெப்பமூட்டிகளை வைத்து அனுப்பியது. அந்தச் செய்தி இங்கே பெரிதாகப் பேசப்படவில்லை. எனக்கு அது தரையிறங்கியதற்குச் சமமான செய்தி.

அடுத்தது தூசி. நிலவில் காற்றும் இல்லை, தண்ணீரும் ஓடவில்லை, அதனால் அங்கே மண் துகள்களின் முனை மழுங்குவதே கிடையாது. பொடித்த கண்ணாடி மாதிரி குத்தும், அதோடு மின்னூட்டம் ஏறி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். 1972 டிசம்பரில் அப்போலோ 17 வண்டியின் பின்பக்க மட்கார்டில் சுத்தியல் பட்டு உடைந்துபோனது. அவ்வளவுதான், சக்கரம் வாரியிறைத்த தூசி மொத்தமும் ஆட்கள் மேலேயே கொட்டியது. கையில் இருந்த வரைபடத் தாள்களை டேப் போட்டு ஒட்டி, அதையே மட்கார்டாகக் கட்டி ஓட்டினார்கள். மூன்று நாள் வேலைக்கு அது போதும். மூன்று வருடம் தங்குகிறவர்களுக்கு? விண்வெளி உடையின் மூட்டுகள், கதவின் சீல், நுரையீரல் என்று ஒன்றையும் அது விடாது. (நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கம் கிடைக்கிற, நிலவுப் பாறையை ஒத்த அனார்தோசைட் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ நிலவு மண்ணின் மாதிரியைச் செய்து லேண்டரையும் ரோவரையும் சோதித்தது. இதில் எனக்குப் பெருமை உண்டு.)

தூசியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1969 நவம்பரில் அப்போலோ 12 இறங்கிய இடத்திலிருந்து சுமார் 160 மீட்டர் தள்ளி, இரண்டரை வருடம் முன்பு வந்த நாசாவின் ஆளில்லாக் கலம் சர்வேயர்-3 நின்றுகொண்டிருந்தது. அதன் கேமராவைக் கழற்றிப் பூமிக்குக் கொண்டுவந்து பார்த்தால், அப்போலோவின் ராக்கெட் புகை கிளப்பிய மணல் அதைச் சுரண்டியிருந்தது. ஒரே ஒரு கலம் பக்கத்தில் இறங்கியதற்கே இந்தக் கதி. நாளைக்குத் தென்துருவத்தில் நான்கு நாடுகளும் பத்து தனியார் நிறுவனங்களும் மாற்றி மாற்றி இறங்கினால், ஒருவர் வைத்த கருவியை இன்னொருவர் சுரண்டிக்கொண்டேதான் இருக்கப்போகிறார்கள். இறங்குதளம் ஒன்றைக் கட்டி எல்லாரும் அதில் இறங்குவது என்று ஏற்பாடு செய்யாமல் நிரந்தரத் தளம் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

எல்லாரும் ஏன் தென்துருவத்துக்கே ஓடுகிறார்கள் என்றால், பனிக்கட்டி. 2008-இல் போன நம் சந்திரயான்-1-இல் இருந்த நாசாவின் எம்3 கருவி நிலவில் நீரின் தடயத்தைக் காட்டியது. 2009 அக்டோபரில் நாசாவின் எல்கிராஸ் திட்டத்தில், தென்துருவத்துக்குப் பக்கத்திலுள்ள கபேயஸ் என்ற பள்ளத்தில் ஒரு ராக்கெட் பாகத்தை மோதவிட்டபோது கிளம்பியதில் தண்ணீர் இருந்தது உறுதியானது. வெயிலே படாத அந்தப் பள்ளங்களில் மைனஸ் 200-க்கும் கீழான குளிர். அதில் கோடிக்கணக்கான வருடமாகப் பனி சேர்ந்து கிடக்கிறது. குடிக்கத் தண்ணீர், சுவாசிக்க ஆக்சிஜன், ராக்கெட்டுக்கு எரிபொருள், எல்லாம் அதிலிருந்தே எடுக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள்.

இங்கேதான் எனக்குப் பயம் வருகிறது. எடுத்தால் அது மறுபடி நிரம்பாது. அந்தப் பனியின் அடுக்குகளில் நம் சூரியக் குடும்பத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கதையே இருக்கலாம், அதைப் படிப்பதற்கு முன்னால் உருக்கிக் குடித்துவிட்டால் முடிந்தது. ஆக்சிஜன் வேண்டுமென்றால் நிலவின் சாதாரண மண்ணிலேயே எடையில் 40 சதவீதத்துக்கு மேல் அதுதான் இருக்கிறது. பிரிப்பதற்கு நிறைய மின்சாரம் வேண்டும், கஷ்டம்தான், ஆனால் அந்த மண்ணுக்குப் பஞ்சமில்லை. முதலில் அந்தத் தொழில்நுட்பத்தில் காசைப் போடட்டும்.

பனி எங்கே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கே நாசா வைப்பர் என்று ஒரு ரோவர் செய்தது. சுமார் 45 கோடி டாலர் செலவழித்து, வண்டியை முழுசாகக் கட்டி முடித்த பிறகு, 2024 ஜூலையில் திட்டத்தை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். அப்புறம் எதிர்ப்பு வந்து, 2025-இல்தான் அதை ஒரு தனியார் லேண்டரில் அனுப்ப வழி பிறந்தது. 1977-இல் இருந்த புத்தி இன்னும் மாறவில்லை பாருங்கள். ஆளை அனுப்ப எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிப்பார்கள், அளந்து பார்க்கிற வண்டியில் கைவைப்பார்கள்.

ஜப்பானோடு சேர்ந்து நாம் செய்யப்போகிற சந்திரயான்-5-க்கு 2025 மார்ச்சில் அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது. லேண்டர் நம்முடையது, ரோவர் ஜப்பானுடையது, பிரக்யானைப் போலச் சுமார் பத்து மடங்கு எடை. இதில் இஸ்ரோவிடம் நான் எதிர்பார்ப்பது இரண்டு. ஒன்று, லேண்டர் இரவுகளைத் தாண்டியே ஆக வேண்டும், அதற்கான வெப்பமூட்டி நம் ஆய்வகத்திலேயே தயாராக வேண்டும். இரண்டு, நிலவு ஆய்வுக்கு அமெரிக்கா முன்னின்று உருவாக்கிய ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தத்தில் 2023 ஜூனில் கையெழுத்துப் போட்ட நாடு என்ற முறையில், வெயில் படாத பள்ளங்களில் சிலவற்றை யாரும் தோண்டக் கூடாது, ஆய்வுக்காக அப்படியே விட வேண்டும் என்று இந்தியா வெளிப்படையாகக் கேட்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் சீனாவும் ரஷ்யாவும் இல்லை, அவர்கள் தனியாக ஒரு தளத்துக்குத் திட்டம் போடுகிறார்கள், ஆகவே இதை ஐ.நா. விண்வெளிக் குழுவுக்கே கொண்டுபோக வேண்டும். அங்கே அவர்களும் உறுப்பினர்கள், நாமும் உறுப்பினர்.