சுவீடன் பணம் நின்ற பிறகு

வெளிநாடுகளுக்கு உதவிப் பணம் தந்துவந்த யூஎஸ்எய்டை அமெரிக்க அரசு இழுத்து மூடியதிலிருந்து என் டைம்லைனில் இரண்டே கட்சிதான். "வெளிநாட்டுக் காசு போனது நல்லதுக்கே, நம்மைக் கெடுத்ததே அதுதான்" என்று ஒரு கட்சி. "ஏழைப் பிள்ளைகள் படிப்பு போச்சே" என்று இன்னொரு கட்சி. நான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வட்டார வள மையத்தில் வேலை பார்க்கிறவன். என் நாற்காலியே முதலில் வெளிநாட்டுப் பணத்தில் போட்டதுதான், அதனால் ஒதுங்கி நின்று நியாயம் பேச முடியாது. ஆனால் இரண்டு கட்சிக்காரர்களும் ராஜஸ்தானில் நடந்ததைக் கொஞ்சம் படித்துவிட்டு வந்தால் தேவலை.

அங்கே இருந்த சிக்கல் எல்லாருக்கும் தெரிந்ததே. பஸ் போகாத ஊருக்கு ஆசிரியர் வேலை போடுவார்கள். அவர் ஊரில் தங்கமாட்டார். மாற்றல் கிடைக்கும்வரை வந்தும் வராமலும் ஓட்டுவார். அரசுக் கணக்கில் பள்ளி உண்டு, பிள்ளைகளுக்குப் படிப்பு கிடையாது. அஜ்மீர் மாவட்டம் திலோனியாவில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனம் 1970களிலேயே இதற்கு ஒரு வழி பார்த்தது. வெளியூர் ஆசிரியர் வரவில்லையா, சரி, ஊர்ப் பிள்ளை ஒருவரையே பழக்கிவிடலாம் என்றது. அந்த யோசனையைத்தான் 1987ல் ராஜஸ்தான் அரசு சுவீடன் அரசின் உதவி அமைப்பான சிடாவோடு சேர்ந்து 'சிக்ஷா கர்மி' என்ற திட்டமாக்கியது. ஆண் என்றால் எட்டாம் வகுப்பு, பெண் என்றால் ஐந்தாம் வகுப்பு படித்திருந்தால் போதும். பகலில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக இரவில் தனி வகுப்பு வைத்தார்கள். ஐந்தாம் வகுப்பு முடித்த பெண்கூட அகப்படாத ஊர்கள் இருந்தன. அதற்காகப் பெண்களுக்கென்று தனிப் பயிற்சி மையங்கள் தொடங்கி, படிக்கவைத்து, பிறகு வேலைக்கு எடுத்தார்கள்.

"எட்டாம் வகுப்பு படித்தவர் பாடம் நடத்துவதா?" என்று கேட்பீர்கள். நானும் கேட்பேன். ஆனால் அந்தத் திட்டத்தின் உயிர் சான்றிதழில் இல்லை. தொடக்கத்தில் ஒரு மாதத்துக்கு மேல் பயிற்சி, பிறகும் திரும்பத் திரும்பப் பயிற்சி, நேரில் வந்து கூட உட்கார்ந்து சொல்லித்தர ஆட்கள். இதற்குத்தான் பணம் போனது. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறேன்.

அடுத்து 1992ல் அதே ராஜஸ்தானில் 'லோக் ஜும்பிஷ்' என்ற கல்வித் திட்டம். மத்திய கல்விச் செயலராக இருந்தவரும் 1986 தேசியக் கல்விக் கொள்கையை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்தவருமான அனில் போர்தியா இதை முன்னின்று நடத்தினார். செலவில் சிடா மூன்று பங்கு, மத்திய அரசு இரண்டு பங்கு, ராஜஸ்தான் அரசு ஒரு பங்கு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஊர் வரைபடம். ஆணும் பெண்ணுமாக ஊர்க்காரர்கள் ஒரு குழு சேர்ந்து வீடு வீடாகப் போவார்கள். ஊரை வரைந்து, ஒவ்வொரு வீட்டிலும் எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகிறது, எது போகவில்லை என்று குறிப்பார்கள். வரைந்து முடித்ததும் போகாத பெண் பிள்ளைகள் எந்தத் தெருவில் அதிகம் என்பது ஊர் முன்னால் பளிச்சென்று தெரிந்துவிடும். புதுப் பள்ளி வேண்டுமா, எங்கே வேண்டும் என்று அதை வைத்துப் பேசுவார்கள். பள்ளிக் கட்டடத்தைப் பழுதுபார்க்கும் வேலையையும் கான்ட்ராக்டர் இல்லாமல் ஊர்க் குழுவே எடுத்துச் செய்தது.

இன்று நாங்களும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு எடுக்கிறோம். ஏப்ரல், மே வெயிலில் ஆசிரியர்களும் பயிற்றுநர்களும் அலைந்து படிவம் நிரப்பி ஆப்பில் ஏற்றுகிறோம். ஊருக்கு அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. யோசனை ஒன்றுதான், யார் கையில் பென்சில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. பொக்ரான் இருப்பதும் அதே ராஜஸ்தானில்தான். சுவீடன் இந்தியாவுடனான உதவி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. லோக் ஜும்பிஷ் செலவில் பாதி சுவீடனுடையது, அது ஒரே முடிவில் நின்றது. வரைபடம் வரைந்த ஊர்க்காரர்களுக்கும் அணுகுண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. 1999ல் பிரிட்டன் அரசின் உதவித் துறையான டி.எஃப்.ஐ.டி. உள்ளே வந்து தாங்கிப் பிடித்தது. ஆனாலும் பழைய வேகம் திரும்பவில்லை. பிறகு அந்தத் திட்டம் மத்திய அரசின் அனைவருக்கும் கல்வித் திட்டமான சர்வ சிக்ஷா அபியானுக்குள் (எஸ்.எஸ்.ஏ.) கரைந்துபோனது.

இதற்காக சுவீடனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பணத்தை அவர்கள் நிறுத்தினார்கள். நம் பள்ளியின் அன்றாடச் செலவை எடுத்துக்கொள்ள நாம் ஏன் தயாராக இல்லை என்பதுதான் கேள்வி.

தயாராக இருந்த கதையும் நம்மிடம் உண்டு. 1956ல் காமராஜர் காலத்தில் மதிய உணவு ஊர்மக்கள் கொடுத்த அரிசி பருப்போடு தொடங்கியது. 1960களில் கேர் என்ற தொண்டு நிறுவனம் அமெரிக்கப் பால் பவுடரும் கோதுமையும் கொடுத்தது. பெரியவர்களைக் கேளுங்கள், அந்த வாசனை இன்னும் நினைவிருக்கும். 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது "இதற்கெல்லாம் பணம் எங்கே" என்று கேலி செய்தவர்கள் உண்டு. மாநில பட்ஜெட்டில் அது உட்கார்ந்துவிட்டது. அமெரிக்கப் பவுடர் போயும் பிள்ளைகள் தட்டு காலியாகவில்லை.

இப்போது நம் டி.பி.இ.பி.க்கு, அதாவது மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்துக்கு வருவோம். 1994ல் தொடங்கியது. பெண்களின் எழுத்தறிவு தேசிய சராசரிக்குக் கீழே இருந்த மாவட்டங்களாகப் பார்த்து எடுத்தார்கள். தமிழ்நாட்டில் முதலில் தருமபுரி, திருவண்ணாமலை, பழைய தென்னார்க்காடு. செலவில் 85 சதவீதம் மத்திய அரசு வழியாக, 15 சதவீதம் மாநிலம். மத்திய அரசு தந்ததில் பெரும்பகுதி உலக வங்கி, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன் போன்ற இடங்களிலிருந்து வந்தது. உலக வங்கியின் பங்கு கடன், தானம் அல்ல. உதவி, உதவி என்று பேசும்போது இதை யாரும் சொல்வதில்லை.

பள்ளிக்கு வருடம் 2,000 ரூபாய், ஆசிரியருக்குக் கற்பித்தல் பொருள் செய்ய 500 ரூபாய். சிரிக்காதீர்கள். ஒரு சார்ட் பேப்பருக்கும் தலைமையாசிரியரின் சட்டைப்பையைப் பார்த்து நின்ற காலம் அது. அந்த 500 ரூபாயில் தெர்மோகோலில் ஷோகேஸ் மாதிரி செய்து அலமாரியில் வைத்துப் பூட்டியவர்களும் உண்டு, கூழாங்கல்லையும் புளியங்கொட்டையையும் வைத்துக் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு அந்தப் பணத்தில் கதைப் புத்தகம் வாங்கியவர்களும் உண்டு. வட்டார வள மையம், குறுவள மையக் கூட்டம் எல்லாம் அந்தக் காலத்து ஏற்பாடுகள்தான். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து பாடத்தைப் பற்றிப் பேசுவது அதற்கு முன் எங்கே நடந்தது?

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். சிக்ஷா கர்மியிலிருந்து மற்ற மாநில அரசுகள் என்ன கற்றுக்கொண்டன? தொடர் பயிற்சியையா? இரவு வகுப்பையா? இல்லை. குறைந்த சம்பளத்துக்கு ஆள் கிடைக்கும் என்பதை மட்டும் கற்றுக்கொண்டன. மத்தியப் பிரதேசத்தில் குருஜி, உத்தரப் பிரதேசத்தில் சிக்ஷா மித்ரா என்று பெயர் மாறியது, சங்கதி ஒன்றுதான். எட்டாத ஊருக்கென்று யோசித்த ஏற்பாடு, ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் காலம் தள்ளும் வழியாகிவிட்டது. நாமும் விலக்கல்ல. 2012ல் எஸ்.எஸ்.ஏ. பணத்தில் ஓவியம், தையல், உடற்கல்விக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு எடுத்தோம். பன்னிரண்டு வருடம் கழித்து அது 12,500 ஆனது. அப்போதும் மே மாதச் சம்பளம் கிடையாது. கேட்டால் "அது திட்டப் பணி" என்று பதில்.

திட்டப் பணத்தில் சம்பளம் போட்டால் சுவிட்ச் இன்னொருவர் கையில் இருக்கும். அது ஸ்டாக்ஹோமில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2024ல் மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீயின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய சமக்ர சிக்ஷா (எஸ்.எஸ்.ஏ.வின் இன்றைய வடிவம்) பணம் 2,152 கோடியை டெல்லி நிறுத்தியது. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்கே போனது. நிறுத்தியது அநியாயம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் சம்பளத்தை எல்லாம் அந்தக் கணக்கில் ஏற்றிவைத்தது நாம்தான்.

வெளிநாட்டுப் பணம் வரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. அரசு பயந்து செய்யாததைச் செய்து பார்க்க வரட்டும். மலைக்கிராமத்தில் இரண்டு மொழியில் பாடம் நடத்திப் பார்க்கவோ, ஊரிடமே வரைபடத்தைக் கொடுத்துப் பார்க்கவோ, அது தோற்றாலும் மார்ச் 31க்குள் கணக்கு முடிக்கும் அவசரம் இல்லாமல் இன்னொரு முறை செய்து பார்க்கவோ உதவட்டும். சம்பளமும் கட்டடமும் சோறும் மாநில பட்ஜெட்டில் இருக்கட்டும். புதுத் திட்டம் எது வந்தாலும், எத்தனை வருடத்தில் எந்தச் செலவு மாநிலக் கணக்குக்கு மாறும் என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி, சட்டமன்றத்தில் வைக்கச் சொல்லுங்கள். யூஎஸ்எய்டுக்காக இரண்டு பக்கமும் தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் இதை ஒரு தடவை கேட்டாலே போதும்.

டி.பி.இ.பி. காலத்தில் தருமபுரி, திருவண்ணாமலை பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், முதல் 500 ரூபாயில் என்ன வாங்கினீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள்.