‘யார் வீட்டில் நெட் இல்லை?’: உண்மை என்ன

“நெட் இல்லாத வீடே இப்போது கிடையாது, ஆன்லைன் பாடம் படிக்காததற்குச் சோம்பல்தான் காரணம்” என்றொரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு.

யுனிசெஃபும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2020 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் 3 முதல் 17 வயதுள்ளோரில் 130 கோடிப் பேருக்கு, அதாவது மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அப்போது வீட்டில் இணையம் இல்லை. மிக வசதியான குடும்பங்களில் 58 சதவீதப் பிள்ளைகளுக்கு இருந்தது. மிக ஏழ்மையானவற்றில் வெறும் 16.

அதன்பின் இணைப்புகள் கூடியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ‘வீட்டில் போன் உண்டு’ என்று டிக் போடுவது சுலபம். அந்த ஒற்றைப் போன் காலையில் அப்பாவின் சட்டைப்பையில் வேலைக்குப் போய், ராத்திரி 10 சதவீத சார்ஜோடு திரும்புகிறது. அதில் அண்ணன் பாதி, தங்கை பாதி. வகுப்போ காலையிலேயே முடிந்துவிட்டது.