மியர்ஷைமரை முழுதாகக் கேளுங்கள்

யூடியூப் இல்லையென்றால் அமெரிக்காவின் சர்வதேச அரசியல் பேராசிரியர் ஜான் மியர்ஷைமரை யாருக்குத் தெரிந்திருக்கும் என்று, அவரைப் பற்றிய கட்டுரையை எழுதியவர் கேட்கிறார். இதை ஏற்க முடியவில்லை. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்து, விமானப்படையில் வேலை பார்த்து, 1982இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். 2003 இராக் போரை வெளிப்படையாக எதிர்த்தவர். துறைக்குள் அப்போதே பெரிய பெயர்தான். உக்ரைன் பற்றி 2015இல் பேசிய உரையை 2022இல் ரஷ்யா படையெடுத்த பிறகு உலகமே தேடிப் பார்த்தது. கணக்கு கோடிகளில் போகிறது.

எங்கள் வியாசர்பாடிப் படிப்பகத்தில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பசங்களும் பார்த்தார்கள். பேப்பர் கட்டுமேல் போனைச் சாய்த்து வைத்து, உக்ரைனின் மொழி வரைபடம் வரும் இடத்தில் நிறுத்தி, நோட்டில் வரைந்துகொண்டார்கள். இங்கிலீஷ் பிடிபடாத இடங்களை ஒருத்தன் தமிழில் சொல்லிக்கொடுத்தான். ஒரு பேராசிரியருக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

என் கவலை வேறு. வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு நிமிடத் துண்டுகளில் அமெரிக்கா தலைமையிலான நேட்டோ ராணுவக் கூட்டணியின் விரிவாக்கம்தான் போருக்குக் காரணம் என்ற வரி மட்டுமே வருகிறது. இதே மனிதர் 1993இல், ரஷ்யாவைத் தடுக்க உக்ரைன் அணு ஆயுதத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். அது நான் பார்த்த எந்தத் துண்டிலும் இல்லை. அப்புறம், சின்ன நாட்டு மக்கள் என்ன விரும்புகிறார்கள் என்பதற்கு, வல்லரசுகளின் போட்டியை வைத்தே உலக அரசியலை விளக்கும் அவர் கோட்பாட்டில் இடம் ரொம்பக் குறைவு. துறைக்குள்ளேயே பலர் அவரிடம் வைக்கும் கேள்வி அது. கட்டுரை அங்கே போயிருக்க வேண்டும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கிலேயே நின்றுவிட்டது.